எட்டயபுரத்தின் இன்னொரு பாரதி

வக்கீல் தொழிலை விட்டு வாத்தியார் வேலைக்குப் போனவரின் கதை

எட்டயபுரத்தில் பிறந்த பாரதி யார் என்று கேட்டால், சின்னப் பிள்ளைகூடச் சொல்லிவிடும்.

ஆனால், அந்த ஊரில் இரண்டு பாரதிகள் இருந்தார்கள்!

இருவரும் நண்பர்கள். சிறு வயதில் ஒன்றாகத் திரிந்தவர்கள். ஒன்றாகத் தமிழ் மீது ஆசை கொண்டவர்கள். ஒருவர் பாட்டுப் பாடி உலகப் புகழ் பெற்றார். இன்னொருவர் படித்துப் பட்டம் வாங்கி வக்கீல் ஆனார். ஐம்பது வயதுக்கு மேல், அந்த வக்கீல் தொழிலை உதறிவிட்டு, பல்கலைக்கழகத்தில் தமிழ் சொல்லிக் கொடுக்கப் போனார்.

அவர்தான் நாவலர் சோமசுந்தர பாரதியார்.

கரிசல் பூமி

விளாத்திகுளத்தில் பஸ் ஏறி மேற்கே போனால், இருபது கிலோ மீட்டர் தூரத்தில் எட்டயபுரம் வரும். வழி எல்லாம் கரிசல் காடு. பருத்தி, கம்பு, சோளம், உளுந்து, மிளகாய் விளையும். மழை பெய்தால்தான் வெள்ளாமை. கோடையில் நிலம் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். மழை பெய்தாலோ, வண்டிச் சக்கரம் சேற்றில் மாட்டிக்கொண்டு மாடு திணறும்.

இந்தப் பூமியில் பிறந்தவர்களுக்குப் படிப்பு என்பது தூரத்தில் இருந்த பொருள். பக்கத்தில் கல்லூரி கிடையாது. கோவில்பட்டிக்கே 1966-ம் ஆண்டில்தான் கல்லூரி வந்தது. திருநெல்வேலியில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் வந்தது 1990-ல்.

நாம் சொல்லும் கதையோ, அதற்கு நூறு ஆண்டுகளுக்கு முந்தியது.

1879-ம் ஆண்டு ஜூலை மாதம் 27-ந் தேதி சோமசுந்தரம் பிறந்தார். தந்தை பெயர் சுப்பிரமணிய நாயகர். எட்டப்ப பிள்ளை என்றும் அவரை அழைப்பார்கள். தாயார் முத்தம்மாள். பெற்றோர் வைத்த முழுப் பெயர், சத்தியானந்த சோமசுந்தரன். எட்டயபுரம் அரண்மனைச் சூழலில் பிள்ளை வளர்ந்தது.

அரண்மனைப் படிப்பு

எட்டயபுரம் சின்ன ஊர்தான். ஆனால், கல்விக்குப் பேர் போன ஊர்.

முகமது நபியின் வரலாற்றைத் தமிழில் பாடியவர் உமறுப் புலவர். அவருடைய அடக்கத்தலம் எட்டயபுரத்தில் இருக்கிறது. சங்கீத மும்மூர்த்திகளில் ஒருவரான முத்துசாமி தீட்சிதர், 1835-ல் அங்கேதான் காலமானார். அவருடைய வழியில் வந்த சுப்பராம தீட்சிதர், ஜமீனில் சங்கீத வித்துவானாக இருந்தார். 1904-ல் பெரிய சங்கீத நூல் ஒன்றைத் தெலுங்கு எழுத்தில் அச்சிட்டு வெளியிட்டார். ஜமீன்தார் வீட்டுப் பேச்சு தெலுங்கு. சபையில் நடந்த வாதம் தமிழ்.

ஆகவே, தமிழ், தெலுங்கு, சங்கீதம் மூன்றும் காதில் விழ வளர்ந்தவர் சோமசுந்தரம்.

அவருக்கு மூன்று வயது இளையவர் சுப்பையா. சின்னசாமி அய்யரின் மகன். இருவரும் புலவர்களைச் சுற்றிச் சுற்றி வருவார்கள். அந்த நாளில் யாழ்ப்பாணத்துப் புலவர் ஒருவர் எட்டயபுரம் வந்திருந்தார். அவர் ஈற்றடி கொடுத்துப் பாடச் சொன்னார் என்றும், இரு பிள்ளைகளும் சளைக்காமல் பாடிக் காட்டினார்கள் என்றும், இருவருக்குமே அவர் பாரதி என்று பட்டம் கொடுத்தார் என்றும் சொல்வார்கள்.

சுப்பையா, சுப்பிரமணிய பாரதி ஆனார். சோமசுந்தரம், சோமசுந்தர பாரதி ஆனார்.

பட்டம் கிடைத்தது. பள்ளிச் சம்பளம் யார் கட்டுவது?

1897-ம் ஆண்டு ஜனவரி மாதம், சுப்பிரமணிய பாரதி எட்டயபுரம் ஜமீன்தாருக்கு ஒரு விண்ணப்பம் எழுதினார். மேலே படிக்க உதவி வேண்டும் என்பது விஷயம். விண்ணப்பத்தைப் பாட்டாகவே எழுதினார். அப்போது அவருக்கு வயது பதினான்கு. மறு ஆண்டு தந்தையும் இறந்தார். படிப்பைத் தேடிக் காசிக்குப் போனார் பாரதி.

இதை ஏன் சொல்கிறோம் என்றால், அரண்மனையில் புலவர் கூட்டம் இருந்தது. புகழ் இருந்தது. ஆனால், அரண்மனை தரும் பட்டத்தை வைத்துக்கொண்டு, கச்சேரிக்கும் போக முடியாது, காலேஜுக்கும் போக முடியாது. ஜமீன்தார் மனம் வைத்தால் உண்டு. இல்லாவிட்டால் இல்லை. தேர்வு எழுதித் தேறுகிறவனுக்கு வழி உண்டு என்ற புதிய காலம் அப்போதுதான் வந்துகொண்டிருந்தது.

சோமசுந்தரம் அந்த வழியில் போனார்.

சிதம்பரம் வழியாக

திருநெல்வேலியில் மெட்ரிகுலேஷன் படித்தார். பிறகு சென்னைப் பட்டணம்.

அந்தக் காலத்துப் படிப்பைக் கொஞ்சம் விளக்க வேண்டும். மெட்ரிகுலேஷன் தேறியவர் இரண்டு ஆண்டு படிப்பது எப்.ஏ. அதற்கு மேல் இரண்டு ஆண்டு படித்தால் பி.ஏ. வக்கீல் ஆக வேண்டுமானால், அதற்கும் மேலே பி.எல். படிக்க வேண்டும். தெற்குச் சீமையில் இருந்து பட்டணம் போய் இவ்வளவும் படித்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

கோவில்பட்டிக்கு 1876-லேயே ரெயில் வந்துவிட்டது. எட்டயபுரத்துக்காரர்கள் மாட்டு வண்டியில் கோவில்பட்டி போய், அங்கே ரெயில் ஏற வேண்டும். திருச்சியில் இருந்து விழுப்புரத்துக்கு நேர்ப்பாதை அப்போது இல்லை. தஞ்சாவூர், மாயவரம், சிதம்பரம் என்று சுற்றிக்கொண்டுதான் சென்னை ரெயில் போகும்.

அதாவது, கல்லூரிக்குப் போன அந்த இளைஞர், சிதம்பரம் ரெயில் நிலையத்தைத் தாண்டித்தான் போனார். பின்னாளில் அவர் பேராசிரியராக வந்து இறங்கப் போகும் ஊர் அது. அப்போது அங்கே கல்லூரிகூடக் கிடையாது. கோபுரங்கள் மட்டும்தான் தெரிந்திருக்கும்.

பல ஊர்ப் பிள்ளைகள்

சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி, இப்போது தாம்பரத்தில் இருக்கிறது. அங்கே அது போனது 1937-ல். அதற்கு முன்னால் ஐகோர்ட்டுக்கு எதிரே, பட்டணத்தின் நெருக்கடிக்கு நடுவே இருந்தது. அங்கேதான் சோமசுந்தரம் சேர்ந்தார்.

கல்லூரித் தலைவர் வில்லியம் மில்லர், ஸ்காத்லாந்து நாட்டுப் பாதிரியார். மாணவர்களில் பெரும்பாலோர் இந்துக்கள். கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் படித்தார்கள். தெலுங்குச் சீமை, மலையாளச் சீமை, கன்னடச் சீமைப் பிள்ளைகளும் வந்தார்கள். பின்னாளில் ஜனாதிபதி ஆன ராதாகிருஷ்ணன், 1904-ல் இந்தக் கல்லூரியில் வந்து சேர்ந்தவர்தான்.

வெளியூர் மாணவர்கள் தங்குவதற்கு விடுதிகள் கட்டியவர் மில்லர். சாதி பார்த்துப் பந்தி போட்ட காலம் அது. ஒரே கூரையின் கீழ் பல மொழி பேசும் பிள்ளைகள் இருப்பதே அன்று புதுமை. எட்டயபுரத்தில் நான்கு தெருவுக்குள் வளர்ந்தவருக்கு, இது வேறு உலகம்.

பாடம் எல்லாம் இங்கிலீஷில். சரித்திரம் இங்கிலீஷ். தத்துவம் இங்கிலீஷ். தமிழ் மட்டும் ஒரு மூலையில்.

ஆனால், அந்த மூலையில் யார் இருந்தார்கள் தெரியுமா?

ஒருவர், பரிதிமாற் கலைஞர். சூரியநாராயண சாஸ்திரி என்ற தம் பெயரைத் தமிழாக்கிக்கொண்டவர். அதே கல்லூரியில் படித்து, முதலாவதாகத் தேறியவர். தத்துவ சாஸ்திரத்திலும் வல்லவர். வேறு வேலை கேட்டிருந்தால் கூடுதல் சம்பளம் கிடைத்திருக்கும். தமிழாசிரியர் வேலையே போதும் என்று கேட்டு வாங்கிக்கொண்டார்.

இன்னொருவர், வேதாசலம் பிள்ளை. 1898-ல் கல்லூரிக்கு வந்தார். மறைமலை அடிகள் என்று நாடு பின்னாளில் அறிந்தது இவரைத்தான்.

இந்த இருவரிடமும் சோமசுந்தரம் தமிழ் படித்தார். எந்த இளைஞருக்குக் கிடைக்கும் இந்தப் பாக்கியம்!

தமிழுக்கு எந்த நாற்காலி?

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும்.

அந்தக் காலத்தில் கல்லூரியில் இங்கிலீஷ் சொல்லிக் கொடுப்பவர் புரொபசர். தமிழ் சொல்லிக் கொடுப்பவர் பண்டிதர். புரொபசருக்குப் பெரிய சம்பளம். பண்டிதருக்குச் சின்னச் சம்பளம். மரியாதையும் அதற்குத் தக்கபடிதான். தமிழ் வகுப்பு என்றால் மாணவர்கள் சேட்டை செய்வார்கள். தேர்வில் தேற அது போதும், வாழ்க்கைக்கு உதவாது என்ற எண்ணம்.

1902-ல் அதற்கும் ஆபத்து வந்தது. பல்கலைக்கழகப் படிப்பில் இருந்து தாய்மொழிகளை எடுத்துவிடலாம் என்று ஒரு யோசனை கிளம்பியது. பரிதிமாற் கலைஞரும், பூரணலிங்கம் பிள்ளையும் ஊர் ஊராக ஆதரவு திரட்டினார்கள். கூட்டம் போட்டுப் பேசினார்கள். தமிழ் தப்பியது. அடுத்த ஆண்டே, 1903 நவம்பரில், பரிதிமாற் கலைஞர் காலமானார். வயது முப்பத்து மூன்றுதான்!

தமிழ் தப்பியதும் கொஞ்ச நாளைக்குத்தான். சில ஆண்டுகளில் தமிழ் கட்டாயப் பாடம் இல்லை என்று ஆயிற்று. தமிழாசிரியர்களுக்கு வேலை குறைந்தது. 1911-ல் மறைமலை அடிகள் கல்லூரியை விட்டு வெளியேறினார்.

தமக்குக் கற்பித்த இரண்டு பேராசான்களின் கதி இப்படி ஆயிற்று. தமிழாசிரியருக்கு இருந்த மரியாதையைப் பார்த்த மாணவன், தமிழ் வாத்தியார் வேலைக்குப் போவானா? சோமசுந்தரம் போகவில்லை. கல்லூரிக்கு எதிரே, ஐகோர்ட்டுப் பக்கம் இருந்த சட்டக் கல்லூரிக்குப் போனார். 1905-ல் பி.எல். தேறினார். இதில் அவரைக் குறை சொல்ல நமக்கு மனம் வரவில்லை. குடும்பம் என்று ஒன்று இருக்கிறது அல்லவா?

தமிழ்க் கப்பல்

தூத்துக்குடியில் வக்கீல் தொழில் தொடங்கினார்.

அதே ஊரில் வக்கீலாக இருந்தவர், வ.உ.சிதம்பரம் பிள்ளை. 1906-ல் அவர் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கினார். வெள்ளைக்காரன் கப்பலுக்குப் போட்டியாகக் கப்பல் விட்டார். சோமசுந்தர பாரதியார் அந்தக் கம்பெனிக்குத் துணை நின்றார். தம்மிடம் இரண்டு கப்பல்கள் அல்ல, மூன்று கப்பல்கள் இருக்கின்றன, மூன்றாவது ஒரு தமிழ்க் கப்பல் என்று வ.உ.சி. இவரைப் பற்றிப் பெருமையாகச் சொல்வாராம்.

1908 மார்ச் மாதம் வ.உ.சி. கைதானார். சிறையில் செக்கு இழுத்தார். அதே ஆண்டு சுப்பிரமணிய பாரதியார் புதுச்சேரிக்குப் போய்விட்டார். கூட்டாளிகள் இருவரும் இல்லாத தூத்துக்குடியில் இவர் மட்டும் இருந்தார்.

அப்போதும் படிப்பு விடவில்லை. கோர்ட்டில் வாதாடிக்கொண்டே, கல்லூரிக்குப் போகாமலேயே எம்.ஏ. தேர்வு எழுதி, 1913-ல் தேறினார். வயது முப்பத்து நான்கு. பிள்ளை குட்டிக்காரர்.

1920-ல் மதுரைக்குக் குடிபெயர்ந்தார். காங்கிரஸ் மேடைகளில் பேசினார். பெரிய வக்கீல் என்று பெயர் எடுத்தார். இராமாயணத்தை ஆராய்ந்து, குற்றவாளி கைகேயி அல்ல, தசரதனே என்று ஒரு நூல் எழுதினார். வக்கீல் அல்லவா! சாட்சி, சான்று, குறுக்கு விசாரணை எல்லாம் அந்த நூலில் உண்டு. படித்துப் பார்த்தால் கோர்ட்டில் உட்கார்ந்திருப்பது போலவே இருக்கும். அவர் முடிவை ஒப்புக்கொள்ளாதவர்களும் உண்டு. ஆனால், பதில் சொல்ல அவர்களும் சான்றைத் தேட வேண்டி வந்தது.

திருவேட்களம்

சிதம்பரத்தில் இதற்குள் ஒரு பெரிய காரியம் நடந்திருந்தது.

செட்டிநாட்டு அரசர் அண்ணாமலை செட்டியார், 1920-ல் அங்கே மீனாட்சி கல்லூரி தொடங்கினார். அதன் பிறகு தமிழ்க் கல்லூரி, வடமொழிக் கல்லூரி, இசைக் கல்லூரி என்று ஒன்றன் பின் ஒன்றாக வந்தன. தமிழ்க் கல்லூரிக்கு உ.வே.சாமிநாத அய்யரே தலைவராக இருந்திருக்கிறார். இவை எல்லாம் சேர்ந்து, 1929-ல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் ஆயிற்று. அந்த நாளில் சர்வகலாசாலை என்பார்கள். செட்டியார் கொடுத்த நன்கொடை, 20 லட்சம் ரூபாய்! ஒரு சவரன் பதினைந்து ரூபாய்க்குள் விற்ற காலம் என்பதை நினைத்துப் பாருங்கள்.

இடம், சிதம்பரத்துக்குக் கிழக்கே திருவேட்களம். வெட்டவெளி.

சென்னைப் பல்கலைக்கழகம் அன்று பெரும்பாலும் தேர்வு நடத்திப் பட்டம் கொடுக்கும் இடம். மாணவன் எங்கோ ஒரு கல்லூரியில் படிப்பான். இங்கே அப்படி அல்ல. ஆசிரியரும் மாணவரும் ஒரே வளாகத்தில் வாழ வேண்டும். அங்கேயே வகுப்பு. அங்கேயே விடுதி. அங்கேயே நூல் நிலையம். கணக்குப் படிப்பவனும், ரசாயனம் படிப்பவனும், தேவாரம் பாடப் பழகுபவனும் ஒரே பாதையில் நடப்பார்கள். இங்கிலீஷில் ஆனர்ஸ் படிக்கும் பிள்ளையும், தமிழ் வித்துவான் வகுப்புப் பிள்ளையும் பக்கத்துப் பக்கத்துக் கட்டடத்தில் இருப்பார்கள். தெலுங்குப் பிள்ளைகளும் மலையாளப் பிள்ளைகளும் இலங்கைப் பிள்ளைகளும் வந்து சேர்ந்தார்கள். காவிரிக் கரைக் கிராமத்துப் பையன், ரெயில் ஏறிப் பட்டணம் போகாமலே பல்கலைக்கழகத்தைப் பார்த்தான்.

எல்லாவற்றையும் விடப் பெரிய விஷயம், இங்கே தமிழுக்குப் பேராசிரியர் நாற்காலி போட்டார்கள். பண்டிதர் நாற்காலி அல்ல!

முதலில் அதில் அமர்ந்தவர், சுவாமி விபுலாநந்தர். இலங்கையில் மட்டக்களப்புப் பக்கம் காரைதீவில் பிறந்தவர். விஞ்ஞானத்தில் லண்டன் பட்டம் பெற்றவர். ராமகிருஷ்ண மடத்துத் துறவி. 1931-ல் வந்து, 1933-ல் போனார்.

அடுத்து யார்?

சோமசுந்தர பாரதியாரை அழைத்தார்கள். அப்போது அவருக்கு வயது ஐம்பத்து நான்கு. மற்றவர்கள் ஓய்வு பெறும் வயது. மதுரையில் வீடு, தொழில், கட்சிக்காரர்கள், வருமானம் எல்லாம் இருந்தன. அவ்வளவையும் விட்டுவிட்டு, சிதம்பரத்துக்குப் போனார். முப்பது ஆண்டுகளுக்கு முன்னால், தமக்குத் துணிவு வராத வேலையை ஏற்றார்.

மூன்று வழிகள்

மறு ஆண்டு இன்னொருவர் வந்தார். பண்டிதமணி கதிரேசன் செட்டியார். மகிபாலன்பட்டிக்காரர். இளம்பிள்ளை வாதத்தால் கால் ஊனமானவர். திண்ணைப் பள்ளியில் சில மாதங்களே படித்தவர். பிறகு எல்லாம் தாமாகவே கற்றது. தமிழும் வடமொழியும் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு.

இலங்கைத் துறவி ஒருவர். கரிசல் காட்டு வக்கீல் ஒருவர். பட்டமே இல்லாத பண்டிதர் ஒருவர். ஒரே தமிழ்த் துறைக்கு மூன்று பேரும் மூன்று வழியில் வந்தார்கள். பட்டம் இல்லையே என்று பண்டிதமணியை யாரும் வாசலில் நிறுத்தவில்லை. இன்றைய பல்கலைக்கழகங்களில் இது நடக்குமா என்று கேட்டால், பதில் சொல்லச் சங்கடமாக இருக்கிறது.

பாரதியார் தொல்காப்பியத்தைக் கையில் எடுத்தார். பழைய உரை சொல்கிறதே என்று எதையும் ஒப்புக்கொள்ள மாட்டார். சூத்திரத்தில் அது இருக்கிறதா, சங்கப் பாட்டில் சான்று இருக்கிறதா என்று பார்ப்பார். அகம், புறம், மெய்ப்பாடு பற்றிய பகுதிகளுக்குத் தாமே புதிய உரை எழுதிப் பின்னால் அச்சிட்டார். உச்சிமேல் புலவர் என்று பெயர் எடுத்த நச்சினார்க்கினியரையே மறுத்து எழுதினார். உரையாசிரியர் சொன்னால் வேதவாக்கு என்று இருந்த காலத்தில், இது பெரிய துணிச்சல்.

1935-ல் வி.எஸ்.சீனிவாச சாஸ்திரியார் துணைவேந்தராக வந்தார். அவர் இங்கிலீஷ் பேச்சுக்கு உலகப் பெயர் பெற்றவர். ஒரே வளாகத்தில், அந்தப் பக்கம் அவர் இங்கிலீஷ், இந்தப் பக்கம் இவர் தமிழ். அந்த மூன்று ஆண்டுகளில் படித்த பிள்ளைகள் கொடுத்து வைத்தவர்கள்தான்.

நாற்காலியை விட்டார்

1938-ல் அவர் பல்கலைக்கழகத்தை விட்டு விலகினார்.

அந்த ஆண்டு ஏப்ரல் மாதம், ராஜாஜி மந்திரிசபை 125 பள்ளிகளில் இந்தியைக் கட்டாயப் பாடம் ஆக்கியது. பாரதியார் பழைய காங்கிரஸ்காரர். இருந்தாலும் எதிர்த்தார். பிரதம மந்திரி ராஜாஜிக்குப் பகிரங்கக் கடிதம் எழுதினார். மே மாதம் திருச்சியில் போராட்டக் குழு அமைத்தபோது, அவரே தலைவர். கி.ஆ.பெ.விசுவநாதம் காரியதரிசி. 1940 பிப்ரவரியில் அந்த உத்தரவு ரத்து ஆயிற்று.

போராட்டத்தைப் பற்றி ஆளுக்கு ஒரு கருத்து இருக்கும். ஆனால், பல்கலைக்கழகத்தில் தமிழ் மூலைக்குத் தள்ளப்பட்டதை மாணவனாக இருந்து பார்த்தவர் அவர். பள்ளிக்கூடத்திலும் அப்படி ஆகிவிடுமோ என்று அவர் பயந்ததில் வியப்பு இல்லை.

அதன் பிறகு மதுரைக்குப் பக்கத்தில் பசுமலையில் குடியிருந்தார். எழுதினார், பேசினார். 1944-ல் இலங்கைத் தமிழ்ப் புலவர்கள் அவருக்கு நாவலர் என்ற பட்டம் கொடுத்தார்கள். சின்ன வயதில் பாரதி பட்டம் கொடுத்தவரும் யாழ்ப்பாணத்துக்காரர்தானே!

1947-ல் எட்டயபுரத்தில் சுப்பிரமணிய பாரதியாருக்கு மணி மண்டபம் திறந்தார்கள். நண்பர் மறைந்து இருபத்தாறு ஆண்டுகள் ஆகியிருந்தன.

1955-ல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் நாவலரைத் திரும்ப அழைத்தது. பாடம் நடத்த அல்ல. டாக்டர் பட்டம் கொடுப்பதற்கு. எழுபத்தாறு வயதில் அவர் டாக்டர் சோமசுந்தர பாரதியார் ஆனார்.

1959-ம் ஆண்டு டிசம்பர் மாதம் 14-ந் தேதி காலமானார்.

அவருடைய மகள் லலிதா காமேசுவரன், மருத்துவம் படித்தார். மருந்தியல் பேராசிரியர் ஆனார். பின்னாளில், சென்னை டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர் நாற்காலியில் அமர்ந்தார்.